டீச்சர் வேலைக்கா போகிறாய்?

(ஆசிரியர் தினத்தன்று நமது சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் படித்தது பி.காம். வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இவர் என்ன அறிவியல் பேசப் போகிறார் என்று நினைக்க வேண்டாம். அறிவியலைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்ட சிலரைப் பற்றித்தான் பேச வந்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. நம் குடியிருப்பில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பிள்ளை, "நான் பிசிக்ஸ் டீச்சர் ஆகப் போகிறேன்" என்று சொல்லியிருக்கிறது. நல்ல மார்க் எடுக்கும் பிள்ளை. "இவ்வளவு மார்க்கை வைத்துக்கொண்டு டீச்சர் வேலைக்கா?" என்று கேட்காதவர்கள் இல்லை. வீட்டிலும் சம்மதம் இல்லை என்று கேள்வி.

பிள்ளைகள் கையால் வேலை செய்து கற்க வேண்டும் என்ற ஆதாரக் கல்வியை 1937-இல் காந்தி வற்புறுத்தினார். அதே வழியில் நம் ஊருக்குப் பக்கத்தில், சின்னாளபட்டி அருகே, 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும். சௌந்தரம் அம்மா டி.வி.எஸ். குடும்பத்துப் பெண், மருத்துவம் படித்தவர். மதுரையிலோ சென்னையிலோ வசதியாகத் தொழில் செய்திருக்கலாம். பொட்டல் காட்டில் வந்து உட்கார்ந்தார். 1956-இல் அங்கே கிராமிய நிறுவனம் வந்தது; 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. பஸ்ஸில் போகும்போது பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொருவர் அனில் சத்கோபால். அமெரிக்காவில் கால்டெக்கில் டாக்டர் பட்டம் வாங்கி, மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர். அதை விட்டுவிட்டு மத்தியப் பிரதேசத்துக் கிராமத்துக்குப் போனார். 1972-இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. ஆறு முதல் எட்டு வகுப்பு வரை பிள்ளைகளே சோதனை செய்து பார்த்து, கண்டதைத் தாங்களே எழுத வேண்டும். பரீட்சைக்குப் புத்தகத்தைக் கொண்டுபோகலாம்! மனப்பாடத்துக்கு வேலையே இல்லை. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கிராமத்து வாத்தியார்களோடு உட்கார்ந்து பாடம் தயாரித்தார்கள். முப்பது வருடம் நடந்து, பல மாவட்டங்களுக்குப் பரவிய அந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. என்னைக் கேட்டால் பெரிய நஷ்டம். இந்தத் தொழிலில் அப்படியும் நடக்கும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தத் திட்டத்துக்கு 1978-இல் லீவு போட்டுக்கொண்டு வந்தவர் அரவிந்த் குப்தா. ஐ.ஐ.டி. கான்பூரில் 1975-இல் என்ஜினியரிங் முடித்து, புனேயில் டெல்கோவில் லாரி செய்யும் வேலையில் இருந்தவர். கிராமத்துப் பள்ளியில் சோதனைக்கூடம் ஏது? சைக்கிள் கடையில் வால்டியூப் என்று கேட்டு வாங்குவோமே, அதையும் தீக்குச்சியையும் எடுத்தார். நீங்களும் இன்று ராத்திரியே பேரன் பேத்தியோடு செய்து பாருங்கள். தீக்குச்சியின் மருந்தை முதலில் சுரண்டிவிடுங்கள். டியூப்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் ஒரு குச்சியைச் செருகுங்கள். மூன்று குச்சியில் முக்கோணம் செய்தால் எப்படி அழுத்தினாலும் அசையாது. நான்கு குச்சியில் சதுரம் செய்தால் தொட்டதும் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு நீளக் குச்சியைக் கட்டுங்கள், சதுரமும் நிமிர்ந்து நிற்கும். ரயில் பாலத்திலும் மின்சார டவரிலும் ஏன் முக்கோணம் முக்கோணமாக இருக்கிறது என்று பிள்ளையே சொல்லிவிடும். எனக்கு இது அறுபது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

அவர் பிறகு புனேயில் ஒரு குழந்தைகள் அறிவியல் மையத்தில் 2003 முதல் பல வருடம் வேலை பார்த்தார். 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய இணையதளத்தில் புத்தகங்களும் செய்முறைப் படங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன.

எங்கள் துறையிலிருந்து போனவரும் ஒருவர் உண்டு, சொல்லாமல் விடமுடியாது. ராம்ஜி ராகவன், சிட்டி பேங்க் போன்ற இடங்களில் பெரிய பதவியில் இருந்தவர். (என்னைப் போல கவுண்டரில் இல்லை!) அதை விட்டுவிட்டு 1999-இல் அகஸ்தியா என்ற அமைப்பைத் தொடங்கினார். நம் மாநில எல்லையை ஒட்டிய குப்பத்தில் 172 ஏக்கரில் வளாகம். வேனிலும் பைக்கிலும் சோதனைப் பொருட்களை ஏற்றிக்கொண்டு அரசுப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். நம் அரசும் 2022 நவம்பர் 28-இல் வானவில் மன்றத்தைத் திருச்சியில் தொடங்கியது. அதுவும் ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளுக்குத்தான்.

சரி, சோறு போடுமா? வங்கிக்காரன் அதைக் கேட்காமல் விடமாட்டான். அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் ரூ.36,400-இல் தொடங்குகிறது, அகவிலைப்படி தனி. ஆனால் பி.எஸ்சி., பி.எட். முடித்து, தகுதித் தேர்வும் எழுதி, அதன் மேல் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். காத்திருப்பு நீளலாம். அதுவரை தனியார் பள்ளி என்றால் சம்பளம் வெகு குறைவு. இதை மறைத்துப் பேசக்கூடாது. மைசூரில் மத்திய அரசின் மண்டலக் கல்வி நிறுவனம் இருக்கிறது. பி.எஸ்சி.யையும் பி.எட்.டையும் சேர்த்து ஒரே படிப்பாகப் படிக்கலாம், நுழைவுத் தேர்வு உண்டு, தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சேரலாம். எத்தனை பேருக்குத் தெரியும்? நீட் கோச்சிங்குக்கு எங்கே எவ்வளவு ஃபீஸ் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பிள்ளையின் பெற்றோரும் இங்கே இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். முடிவு உங்களுடையது. சம்பளக் கணக்கைப் பார்த்து வேண்டாம் என்றால் அது நியாயம். பேப்பரும் பேனாவுமாக நானே வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன். கௌரவக் குறைச்சல் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கூடத்தின் மூலையில் ஒரு பழைய பீரோ சும்மா நிற்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். வால்டியூப், காந்தம், பழைய டார்ச் பல்பு எல்லாம் என் செலவு. நம் ஊர்ப் பூட்டு ஒன்றையும் வைப்போம், கழற்றிப் பார்த்து உள்ளே நெம்புகோல் தகடுகள் எப்படி ஏறி இறங்குகின்றன என்று பார்க்கட்டும். வாட்ச்மேன் தம்பியின் பிள்ளைகளும் வீட்டு வேலைக்கு வருபவர்களின் பிள்ளைகளும் வரலாம் என்று தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் கூடத்தைத் திறந்து வைக்கிறேன். சொல்லிக்கொடுக்க அந்தப் பிளஸ் டூ பிள்ளையை நான் கேட்டாயிற்று. சரி என்று சொல்லியிருக்கிறது.