எலும்பும் ஒரு சுரப்பியா, சார்?

(அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார ஆசிரியர்கள் கூட்டத்தில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பில் ஹார்மோன்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பிட்யூட்டரி, தைராய்டு, கணையம், அட்ரினல் என்று கரும்பலகையில் எழுதி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “எலும்பும் ஒரு சுரப்பியா, சார்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. “இல்லம்மா, எலும்பு உடம்பைத் தாங்குற சட்டம்” என்று சொல்லி உட்காரவைத்துவிட்டேன்.

அவள் அப்பா கரிமூட்டத்துக்கு விறகு வெட்டப் போகிறவர். சீமைக்கருவேல முள் குத்தியது தெரியாமலே புண்ணாகி, ஒரு கால் விரலை எடுத்திருந்தார்கள். “சர்க்கரை எலும்பு வரைக்கும் போயிருச்சு” என்று வீட்டில் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று நான் சொன்ன பதில் முழுமையானதல்ல. அதைத் திருத்திக்கொள்ளப் படித்ததைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

எலும்பு உயிருள்ள திசு. அதில் பழையதைக் கரைக்கும் செல்களும் புதியதைக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. கட்டும் செல்கள் ஆஸ்டியோகால்சின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அதன் ஒரு பகுதி இரத்தத்தில் கலக்கிறது. 2007இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் கார்சென்டியின் குழு, இந்தப் புரதம் இல்லாத சுண்டெலிகளை ஆராய்ந்தது. அவற்றின் உடலில் கொழுப்பு கூடியிருந்தது, இன்சுலின் குறைந்திருந்தது, இரத்தச் சர்க்கரை ஏறியிருந்தது. எலும்பு கணையத்தோடு பேசுகிறது என்ற கருத்து அப்போதுதான் வலுப்பெற்றது.

ஆஸ்டியோகால்சின் மட்டுமல்ல, எலும்பு வேறு சில பொருள்களையும் சுரக்கிறது. எஃப்ஜிஎஃப்23 என்ற ஹார்மோன் சிறுநீரகத்துக்குச் சென்று, மிகுதியான பாஸ்பேட்டை வெளியேற்றச் சொல்கிறது. சிறுநீரகம் பழுதடையத் தொடங்கும்போது, இரத்தத்தில் பாஸ்பேட் ஏறுவதற்கு முன்பே இது ஏறிவிடுகிறது. ஸ்கிளிரோஸ்டின் என்பது எலும்பு கட்டும் வேலைக்குத் தடை போடும் புரதம். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் இது பெரும்பாலும் கூடுதலாகவும், ஆஸ்டியோகால்சின் குறைவாகவும் காணப்படுகின்றன.

இரத்தக் குழாய்க்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு? நீண்ட நாள் சர்க்கரை நோயில் குழாய்ச் சுவரின் தசைச் செல்கள் எலும்புச் செல்களைப் போலவே நடந்துகொள்ளத் தொடங்குகின்றன. சுவரில் சுண்ணாம்புச் சத்து படிகிறது, குழாய் விறைக்கிறது. கால், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றில் வரும் பாதிப்புகளை இந்த எலும்புப் பொருள்களை வைத்து முன்கூட்டியே அறிய முடியுமா என்று ஆராய்வது இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. ‘மூன்று மாதச் சர்க்கரை’ என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை, சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் அந்த அளவு பிசகலாம். நம் பகுதிப் பெண்களுக்கு இது முக்கியமான செய்தி.

ஆனால் இங்கே நிதானம் தேவை. நம் ஊர்க் கண்மாய்க் கரைக்குப் பக்கத்தில் ஒரு கிணறு இருக்கிறது என்று வையுங்கள். கிணற்றில் தண்ணீர் இறங்கினால் கண்மாய் வற்றுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். கிணற்றில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால் கண்மாய் நிரம்பாது. அடையாளம் வேறு, காரணம் வேறு. சர்க்கரை மிகுந்தால் எலும்பு கட்டும் செல்களே சோர்ந்துபோகின்றன. ஆகவே ஆஸ்டியோகால்சின் குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் அது குறைந்ததா என்ற கேள்வி எழுகிறது.

2020இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் ஆஸ்டியோகால்சின் இல்லாத எலிகளைப் புதிதாக உருவாக்கிப் பார்த்தன. சர்க்கரையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்றன. ஸ்கிளிரோஸ்டினைத் தடுக்கும் ரோமோசோசுமாப் என்ற எலும்பு மருந்துக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது, மாரடைப்பு, பக்கவாத அபாயம் குறித்த எச்சரிக்கையும் சேர்த்தே தரப்பட்டது. ஒன்று கூடியிருக்கிறது என்பதாலேயே அதைக் குற்றவாளி ஆக்க முடியாது. விவாதம் இன்னும் முடியவில்லை. அறிவியல் இப்படித்தான் நகர்கிறது என்று மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் எது?

ஆகவே, எலும்பு ஹார்மோன் பரிசோதனை என்று யாராவது விளம்பரம் செய்தால் காசைச் செலவழிக்காதீர்கள். இன்று நீரிழிவைக் கண்டறிய அது பயன்படுவதில்லை. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்பவைதான் மருத்துவர்கள் பார்க்கும் எல்லைகள்.

2023இல் வெளியான ஐசிஎம்ஆர் – இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. மானாவாரி விவசாயமும் நெசவும் செய்கிற உழைப்பாளிகளின் ஊர், இங்கே வராது என்ற எண்ணத்தை விட்டுவிடுவோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வாங்கிவைத்த மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்களா என்று கேட்கப் பிள்ளைகளால் முடியும்.

நாம் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, நாமே ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது. நாள் முழுக்க நின்று பேசுவதும், விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருப்பதும் நடைப்பயிற்சி ஆகாது. இரண்டாவது, பெற்றோர் கூட்டத்தில் பாதத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவது. சர்க்கரை உள்ளவர் காட்டுக்கு வெறுங்காலோடு போகக் கூடாது. தினமும் இரவில் பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். கண் மங்கியவருக்குப் பிள்ளை பார்த்துச் சொல்லலாம். உணர்ச்சி குறைந்த காலுக்கு முள் குத்தியது தெரியாது. மூன்றாவது, பிள்ளைகளை ஓடியாட விடுவது. எலும்பு வலுப்படும் வயது அது. விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கேட்டு வாங்காமல் இருப்போம். நானும் வாங்கியிருக்கிறேன்.

மறுவாரம் வகுப்பில் அந்த மாணவியின் கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன். “இவள் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்னது பாதி பதில்” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அவள் வந்து, “அப்பாவோட இன்னொரு காலை நான் பார்க்கட்டுமா, சார்? எதைப் பார்க்கணும்?” என்று கேட்டாள். கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம், வீக்கம் என்று நான்கையும் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகச் சொன்னேன்.

அந்த நான்கு சொற்களை நீங்களும் உங்கள் வகுப்பறைக்குக் கொண்டுபோங்கள்.