கடிகாரம் நின்ற பிறகா மாற்றுவது?

(கடலூர் முதுநகரில் பேசியதன் சுருக்கம்)



மில்லில் பழைய யந்திரம் நின்றால் பிட்டர் வருகிறார், கழற்றிப் பூட்டுகிறார், வேலை தொடர்கிறது. வயலில் பம்புசெட் நின்றாலும் அப்படித்தான். ஆனால் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் யந்திரம் நின்றுவிட்டால் எந்தப் பிட்டரை அனுப்புவது?

சர்க்கார் பணத்தில், அதாவது நம் பணத்தில், விண்ணுக்கு விட்ட 'நாவிக்' செயற்கைக்கோள்களைப் பற்றிச் சொல்கிறேன். நடுக்கடலில் படகு எங்கே நிற்கிறதென்று காட்டுவதும், செல்போன் எட்டாத தூரத்துக்குப் புயல் செய்தி அனுப்புவதும் அவற்றின் வேலை. 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. எத்தனை குடும்பங்கள் பாழாயின! முதுநகர்த் துறைமுகத்து மக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் கோள் 2013 ஜூலையில் போயிற்று. பத்தாண்டு உழைக்க வேண்டியது. நேரத்தை வைத்துத்தான் அது இடத்தைக் கணக்கிடுகிறது. ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் இடம் 300 மீட்டர் பிசகும். அதனால் மூன்று அணுக்கடிகாரங்கள் வைத்தார்கள். முன்யோசனைதான். ஆனால் மூன்றும் வெளிநாட்டில் வாங்கிய ஒரே வகைச் சரக்கு. நான்காண்டு ஆகுமுன்பே மூன்றும் பழுதாகிவிட்டன. விதை ஒரே மூட்டையில் வாங்கியது. அதில் பூச்சி இருந்தால் மூன்று வயலும் போகாதா? ஐரோப்பாவின் 'கலிலியோ' கோள்களிலும் கடிகாரங்கள் நின்றன.

மாற்றுக் கோளை 2017 ஆகஸ்டில் அனுப்பினார்கள். ராக்கெட்டின் வெப்பக்கவசம் கழலாமல், கோள் உள்ளேயே அடைபட்டு வீணாயிற்று. 2018 ஏப்ரலில்தான் இன்னொன்று போய்ச் சேர்ந்தது.

பிறகு புது வரிசை. 2023 மே மாதம் போன கோளில் நம் நாட்டில் செய்த அணுக்கடிகாரம் ஏறிற்று. பெருமைப்பட வேண்டியதே. ஆயுளும் 12 ஆண்டு. ஆனால் எடை 1,425 கிலோவிலிருந்து 2,232 கிலோவாயிற்று. பெரிய ராக்கெட் தேவைப்பட்டது. 2025 ஜனவரி 29இல் போன அடுத்த கோளில் வால்வுகள் திறக்கவில்லை. உரிய பாதைக்கு அது ஏறவே இல்லை.

2025இல் சர்க்கார் பார்லிமெண்டில் சொன்ன கணக்கைக் கேளுங்கள்: அனுப்பியவை 11. இடம் காட்டும் வேலை செய்தவை 4. இன்னும் 4 செய்தி மட்டும் அனுப்பின. ஏர் இழுக்க முடியாத மாட்டைச் சிறு வண்டியில் பூட்டுவது போல இதுவும் சிக்கனமே. ஆனால் இடம் காட்டவே நான்கு கோள்கள் வேண்டும். ஒன்று நின்றால் கை கொடுக்க ஐந்தாவது எங்கே?

தோல்வி வந்ததே என்று இந்த வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. நாம் கேட்பது மூன்று. பழையது ஓடும்போதே மாற்றைத் தயாராக வையுங்கள். தள்ளிப் போடுவது சிக்கனமல்ல, வட்டி ஏறும் கடன். முக்கியமான பாகத்துக்கு ஒரே பட்டறையை நம்பாதீர்கள். புது வரிசையில் சொந்தக் கடிகாரத்தோடு வாங்கியதையும் சேர்த்து வைப்பது சரியான வழி. பழுது வந்தால் காரணத்தை மக்களுக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ராக்கெட்டின் விலையை மட்டும் கணக்கில் எழுதினால் போதாது. கடலுக்குப் போனவன் கரை திரும்பவில்லையென்றால் அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவார்கள்?