பனிமலையில் பீரியட்ஸ் வந்தா?

குல்மார்க் போக மாசக்கணக்கா காசு சேர்த்திருப்பீங்க. கிளம்புற அன்னைக்குன்னு பார்த்து பீரியட்ஸ் வந்துடும். ஸ்கீயிங் அவ்வளவுதானா? இல்லவே இல்லை.

முதல் சிக்கல் பாத்ரூம். கொண்டோலாவுல மேல போயிட்டா நினைச்ச நேரத்துல கிடைக்காது. ஏறுறதுக்கு முன்னாடியே பேட் மாத்திடுங்க. கப் பழகினவங்களுக்குக் கவலை குறைவு. 12 மணி நேரம் வரைக்கும் வைக்கலாம், ஃப்ளோ அதிகம்னா சீக்கிரமே காலி பண்ணணும். டேம்பான்னா 8 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஆனா கப்பை முதல்முறையா அங்கே போய் முயற்சி பண்ணாதீங்க. ரெண்டு மாசம் முன்னாடியே வீட்டுல பழகுங்க.

அடுத்தது டிரஸ். வாடகைக்கு எடுக்கும்போது தோள்ல வார் மாட்டுற பேன்ட் வேண்டாம். அதை இறக்கணும்னா அந்தக் குளிர்ல ஜாக்கெட்டையும் கழட்டணும். இடுப்போட நிக்கிற பேன்ட்டே வசதி.

ஜாக்கெட் உள்பையில ரெண்டு பேட், டிஷ்யூ, ஒரு ஜிப் கவர் வச்சுக்கோங்க. பயன்படுத்தினதைப் பனியில போடாம, கவர்லயே கீழே கொண்டு வாங்க.

கடைசியா ஒண்ணு. வலிச்சா, "தலைவலி"ன்னு பொய் சொல்லி ரூம்லயே படுத்துக்காதீங்க. "பீரியட்ஸ், இன்னைக்கு சின்னச் சரிவு போதும்"னு கூட வர்றவங்ககிட்ட நேராவே சொல்லுங்க. வலியை மறைச்சுக்கிட்டு பெரிய சரிவுல இறங்குறதுதான் ஆபத்து.