கரையில் நின்றே கைகொடுத்தல்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் முழங்க வேண்டிய மேடையில் இவன் நீச்சலைப் பேச வந்துவிட்டானே என்று சிலர் எண்ணலாம். இம்மும்பை மாநகரில் விடுமுறை நாளென்றால் நம் காலனிக் குடும்பங்கள் ஜூஹூவுக்கும் ஆக்ஸாவுக்கும் செல்கின்றன. மழைக்காலத்துக் கடலைக் காணப் பிள்ளைகள் பாந்திராப் பாறைகளின் மேல் நிற்கின்றனர். ஆதலின் இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று.

வேல்ஸ் நாட்டின் மேற்கே பெம்புரோக்ஷயர் என்னும் பாறைக்கரை உண்டு. அங்கே பாறைகளைப் பற்றி ஏறியும், நீரில் குதித்தும், நீந்தியும் கரையோரமாகவே செல்லும் விளையாட்டொன்று 1980களில் முறையான பயிற்சியாக வளர்ந்தது. கோஸ்டியரிங் என்பது அதன் பெயர். அக்கரையில் சில நாள் நானும் பயின்றேன். தலைக்கவசம், உடலை ஒட்டிய ரப்பர் உடை, மிதவைச் சட்டை, பழைய காலணி ஆகியவையே கோலம். நம் பாட்டிமார் கண்டால் சிரிப்பார்கள்.

முதற்பாடம் கடலைப் பார்த்தல். அலைகள் ஒரே அளவாக வருவதில்லை. சிற்றலைகள் பல வந்தபின் பேரலைகள் சில சேர்ந்து வரும். எனவே ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கடல் அமைதியாக உள்ளது என்று முடிவு கட்டுதல் ஆகாது. ஏறும் வழி தெரியாமல் இறங்கவும் கூடாது. பாறைமேல் ஏறுவோர் அலையோடு மல்லுக்கு நிற்பதில்லை. அது தம்மை உயர்த்தும் கணத்தில் பாறையைப் பற்றி, நீர் வடியும்போது பிடியை விடாதிருக்கின்றனர்.

மீட்புப் பாடமே நான் பெரிதாக மதிப்பது. முதலில் குரல் கொடு. எட்டினால் கழியை நீட்டு. எட்டாவிடில் கயிற்றை எறி. நீரில் இறங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. மூழ்குவோன் உயிரச்சத்தில் கைக்கு அகப்பட்டவரை இறுகப் பற்றி அமிழ்த்திவிடுவான். தம்பியைக் காக்கப் பாய்ந்த அண்ணனும் உடன் மாண்டான் என்னும் செய்தியை நாம் எத்தனை முறை நாளேடுகளில் படித்திருக்கிறோம்! மேலும், மூழ்குவோன் பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. மூச்சுக்கே வழியில்லாதவனுக்குக் குரல் ஏது?

எறிகயிறு ஒரு சிறு பைக்குள் சுருண்டிருக்கும். நீளம் ஏறத்தாழ 20 மீட்டர். நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, "கயிறு!" என்று கூவி, பையை அவன் தலைக்கு அப்பால் விழுமாறு வீச வேண்டும். கயிறு அவன் தோள்மேல் படியும். உடனே எறிந்தவர் கால்களை ஊன்றி அமர்ந்துவிட வேண்டும். நின்றால் இழுவை அவரையும் நீரில் தள்ளும்.

கயிறில்லையே என்பீர்களாயின், 2020 ஆகஸ்டில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். பெரம்பலூர் மாவட்டத்து நீர்த்தேக்கமொன்றில் இளைஞர் நால்வர் மூழ்கினர். அங்கிருந்த பெண்கள் மூவர் தம் சேலைகளை அவிழ்த்து வீசினர். இருவர் பிழைத்தனர், இருவரைக் காக்க இயலவில்லை. எப்பயிற்சிக் கூடத்திலும் கல்லாமலே அத்தாய்மார் செய்தது எறிகயிற்றுப் பாடமேயன்றோ!

கரையேற்றியவரின் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகச் சுழற்றுவதும் நம்மவர் பழக்கம். அவற்றை விட்டொழிக்க வேண்டும். 112-க்கு ஒருவர் செய்தி சொல்லட்டும். மூச்சில்லையெனில், ஐரோப்பிய முறைப்படி, முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊதுக. பின்னர் 30 முறை மார்பை அழுத்தி, இரு முறை ஊதி, உதவி வரும்வரை தொடர்க.

சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். எறிகயிற்றுப் பைகள் இரண்டு வாங்கி வைப்போம். வரும் ஞாயிறு காலை காலனி மைதானத்தில் தாய்மார்களும் பிள்ளைகளும் எறிந்து பழகலாம். அதற்குக் கடல் வேண்டுவதில்லை, புல்தரையே போதும்.