எல்க் வேட்டையும் துவக்கின் தெரிவும்



சென்ற ஆண்டின் நடுப்பகுதியில் என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர் அமெரிக்காவின் கொலறாடோ மாநிலத்தில் உத்தியோகம் பார்ப்பவர். உடன் பணிபுரியும் நண்பர்கள் அவரை எல்க் வேட்டைக்கு அழைத்திருந்தனர். எந்த அளவுத் துவக்கை எடுத்துச் செல்வது என்பதில் நண்பர் மூவரும் மூன்று விதமாகப் பேசினராம். "ஐயா, எல்லார் வாதத்தையும் கேட்டபின்பே தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று கற்பித்தவர் நீங்கள். இதற்கும் ஒரு தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். துவக்கைத் தொட்டும் அறியாதவன் நான். எனினும், மாணவன் கேட்ட கேள்விக்கு விடை தேடாதிருத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. தேடிக் கண்டவற்றை இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பெயரைப் பற்றிய மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஐரோப்பாவில் எல்க் எனப்படுவது அமெரிக்கர் மூஸ் என்றழைக்கும் மிருகம். அமெரிக்கர் எல்க் என்பது வாப்பிற்றி என்னும் பெருமானை. நம் நாட்டில் ஆங்கிலத் தோட்டத்துரைமார் எல்க் என்றது நமது மரையையே. 1848ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், நாய்களை ஏவிக் கத்தியால் கொன்ற எல்க்கும் அந்த மரைதான். நம் மாணவர் தேடிப் போவதோ வாப்பிற்றி. அதன் முதிர்ந்த கலை ஏறத்தாழ 700 இறாத்தல் நிறையுடையது.

இனித் துவக்கின் அளவு. குழலின் விட்டத்தை அங்குலத்தின் நூற்றிலொரு அல்லது ஆயிரத்திலொரு கூறுகளாகச் சொல்லுவது அமெரிக்கர் வழக்கம். 30-06 என்னும் பெயரில் 30 என்பது விட்டம். 06 என்பது அமெரிக்க இராணுவம் அத்தோட்டாவை ஏற்றுக்கொண்ட 1906ஆம் ஆண்டு. 1925இல் 270 வின்செஸ்டர் வந்தது. 1963இல் 300 வின்செஸ்டர் மக்னம் வந்தது. நண்பர் மூவரும் பரிந்துரைத்தவை இம்மூன்றுமே.

இவ்வாதம் புதியதன்று. சென்ற நூற்றாண்டில் ஜாக் ஓகொனர் என்னும் எழுத்தாளர் 270இன் புகழைப் பாடினார். இலகுவான குண்டு விரைந்து சென்று சரியான இடத்திற் பட்டாற் போதும் என்பது அவர் கட்சி. எல்மர் கீத் என்பார், பெரிய மிருகத்துக்குப் பருத்துக் கனத்த குண்டே வேண்டும் என்று மறுத்தார். இருவரும் அனுபவம் மிக்க வேட்டைக்காரர். இருவருக்கும் பெருந்திரளான சீடர்கள் இருந்தனர்.

இங்கே கணக்கு நமக்கு உதவுகிறது. குண்டின் நிறை இரட்டித்தால் அதன் சக்தியும் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தாலோ சக்தி நான்கு மடங்காகும். பேக்கர் 1840இல் செய்வித்த றைபிள் 21 இறாத்தல் நிறையுடையது. அக்காலக் கரிய வெடிமருந்து மிகுந்த வேகம் தராது. ஆகவே பருமனிலேயே வலிமையைத் தேடினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புகையற்ற மருந்து வந்தபின் மெல்லிய குண்டுக்கும் வலிமை வந்தது. 30-06 வாயிலில் ஏறத்தாழ 2,900 அடி-இறாத்தல் சக்தி தருகிறது. 270 ஏறத்தாழ 2,700 தருகிறது. வேறுபாடு சிறிது. 300 மக்னம் 3,500 வரை தருகிறது; ஆனால் தோளில் உதைக்கும் உதையும் கணிசமாகக் கூடுகிறது. உதைக்கு அஞ்சியவன் வெடி தீருமுன்பே கண்ணை மூடித் தோளைப் பின்வாங்குவான். அப்போது குண்டு நெஞ்சை விட்டு வயிற்றிற் பாயும். மிருகம் உடனே வீழாது. காட்டுக்குள் ஓடி மணிக்கணக்காக வதைபட்டு இறக்கும்.

குண்டின் அமைப்பும் அளவுக்கு நிகராக முக்கியமானது. 1946இல் ஜோன் நொஸ்லர் என்பவர் கனடாவில் ஒரு மூஸைச் சுட்டார். துவக்கில் வலிமைக் குறைவு இல்லை. எனினும் குண்டுகள் உடலின் மேற்புறத்திலேயே சிதறி, உள்ளே ஊடுருவத் தவறின. ஊர் திரும்பிய அவர், உள்ளே செப்புத் தடுப்பொன்றை வைத்து, முன்பாதி விரியவும் பின்பாதி சிதையாது ஊடுருவவும் கூடிய குண்டொன்றை அமைத்தார். 1948 முதல் அது விற்பனைக்கு வந்தது.

கொலறாடோவின் சட்டம் இவ்விடயத்திற் கண்டிப்பானது. எல்க்கைச் சுடும் றைபிளின் விட்டம் அங்குலத்தின் நூற்றில் 24 கூறுக்குக் குறையலாகாது. குண்டு 85 கிறெயினுக்குக் குறையலாகாது. நூறு யார் தூரத்தில் அதற்கு 1,000 அடி-இறாத்தல் சக்தி இருத்தல் வேண்டும். கட்டற்ற வேட்டையின் விளைவை அந்நாடு கண்டிருக்கிறது. கிழக்கு மாநிலங்களில் வாழ்ந்த எல்க் இனம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அற்றுப்போயிற்று. இன்று அங்கே அனுமதிப் பத்திரமும் பருவமும் வரையறுக்கப்பட்டே வேட்டை நடைபெறுகிறது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, துவக்கு, தோட்டா ஆகியவற்றின் மீதான வரிப்பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்கே செல்கிறது. அதே 1937இல்தான் நம் நாட்டிலும் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பிறந்தது. நமது மரையைச் சுடுவது இன்று குற்றம்.

இவற்றையெல்லாம் ஆராய்ந்து மாணவருக்கு இவ்வாறு எழுதினேன்: "மூன்றும் எல்க்கைக் கொல்லப் போதுமானவை. ஆகவே எது வலியது என்று கேளாதே. எதை அஞ்சாது சுடுவாய் என்று கேள். முதன்முறை துவக்கு எடுக்கும் உனக்கு மக்னம் வேண்டாம். 270 அல்லது 30-06 ஒன்றை இரவல் பெறு, நல்ல குண்டை வாங்கு, மாதக்கணக்காகப் பழகு. பத்துக்குப் பத்தும் எத்தனை யார் தூரத்தில் ஒரு சிறு தட்டினுள் விழுகின்றனவோ அதுவே உன் எல்லை. அதற்கப்பால் நிற்கும் மிருகம் உன்னுடையதன்று. பழக நேரமில்லையெனில் போகாதே."

கார்த்திகையில் பதில் வந்தது. அவர் 270ஐ எடுத்துப் பழகினாராம். தம் எல்லை 200 யார் என்று கண்டாராம். நான்காம் நாட் காலையில் ஒரு கலை வெளியில் வந்து நின்றதாம். தூரம் 350 யாருக்கு மேல். நண்பர் மக்னத்தை நீட்டி, "இதனாற் சுடு" என்றாராம். இவர் வாங்கவில்லை. கலை மெல்ல நடந்து மரங்களுக்குள் மறைந்தது. வெறுங்கையோடு திரும்பியதற்காக நண்பர்கள் சில நாள் நகைத்தார்களாம். "நான் செய்தது சரிதானே ஐயா?" என்று கேட்டிருந்தார்.

சரி என்று அன்றைய தபாலிலேயே எழுதினேன்.