வதந்திக்கு வேர் எது?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சமூக உளவியல் பாடப் புத்தகத்துக்கு வெளியே எதற்கு உதவும் என்று பேசச் சொன்னார்கள். நான் நெல்லிக்குப்பத்துக்காரன். ஆகவே நம்ம பக்கத்துச் சங்கதி ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். வதந்தி.

2004 டிசம்பர் 26 ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மறுபடியும் அலை வரலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பை நம்பிக் கொடுத்த எச்சரிக்கை அது. தமிழகக் கடலோரத்தில் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிறகு, அதற்கு ஆதாரம் இல்லை என்று மத்திய அரசே சொன்னது. ஓடியவர்களை யாராவது பரிகசிக்க முடியுமா? பிணத்தை அடக்கம் பண்ணி நாலு நாள்கூட ஆகவில்லை.

அதே நாட்களில் இன்னொன்றும் நடந்தது. கடலில் போன உடல்களை மீன் தின்றிருக்கும், அந்த மீனைச் சாப்பிட்டால் நோய் வரும் என்று ஒரு பேச்சு. கடலைக் கண்ணால் பார்க்காத ஊர்களில்கூட மீன் வாங்க ஆள் இல்லை. படகும் வலையும் இழந்த மீனவர்களுக்கு, பிடித்த கொஞ்ச மீனும் விலை போகவில்லை. அலையை நேரில் பார்க்காத ஊர்களில் இந்தப் பேச்சு ஏன் இப்படி வேர் பிடித்தது?

இதே மாதிரிக் கேள்வி 1934 லேயே நம் நாட்டில் எழுந்தது. அந்த வருஷம் ஜனவரி 15 ஆம் தேதி பீகாரில் பெரிய பூகம்பம். ஜமுனா பிரசாத் என்ற ஆய்வாளர் அதையொட்டிக் கிளம்பிய வதந்திகளைச் சேகரித்து 1935 இல் வெளியிட்டார். பாட்னாவில் கடும் புயல் வரும், சந்திர கிரகணத்தன்று மறுபடி பூமி ஆடும், நேபாள எல்லையிலிருந்து மதுபனி நோக்கி வெள்ளம் பாய்கிறது என்றெல்லாம் பேச்சு. வேடிக்கை என்னவென்றால், இவை பரவியது அதிர்ச்சியை உணர்ந்தும் பெரிய சேதமில்லாமல் தப்பித்த ஜனங்களிடம். பிற்பாடு துர்கானந்த் சின்ஹா, 1950 இல் டார்ஜிலிங்கில் ஏற்பட்ட நிலச்சரிவை ஆராய்ந்தார். அங்கே இடிபாடு கண்ணெதிரே கிடந்தது. இன்னும் பெரிய கேடு வரப்போகிறது என்ற மாதிரி வதந்திகள் அங்கே கிளம்பவில்லை.

அமெரிக்க அறிஞர் லியோன் ஃபெஸ்டிங்கர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உடம்பு நடுங்குகிறது, சுற்றிப் பார்த்தால் ஒன்றும் உடையவில்லை. அப்படியானால் எதற்காக நடுங்குகிறோம்? பயத்துக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது, வதந்தி அந்தக் காரணத்தைக் கொடுக்கிறது என்றார். 1957 இல் அவர் வெளியிட்ட மன முரண்பாட்டுக் கோட்பாடு உலகப் புகழ் பெற்றது. அதற்கு ஒரு விதை நம்ம பீகாரிலிருந்து போனது என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆல்போர்ட், போஸ்ட்மன் என்ற இருவர் 1947 இல் சொன்னதும் சுலபமானதுதான். விஷயம் எவ்வளவு முக்கியமோ, எவ்வளவு தெளிவில்லையோ, இரண்டையும் பெருக்கினால் வதந்தியின் பலம். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். பிள்ளையின் உயிர் என்ற முக்கியத்துவத்தை யாராலும் குறைக்க முடியாது. தெளிவின்மையைத்தான் குறைக்க முடியும்.

குறைக்காவிட்டால் என்ன ஆகும்? 2018 மே 9 ஆம் தேதி, போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று கூட்டம் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்தார். அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் நாடெங்கும் சுற்றிய ஒரு வீடியோ, கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விளம்பரப் படம். விளம்பரம் என்று சொல்லும் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஜூலையில் அந்த நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. கை கொஞ்சம் கட்டுப்பட்டது, சரி. பயம்?

"படிக்காத ஜனங்க, எதைச் சொன்னாலும் நம்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பட்டதாரிகள் குழுக்களில் வருகிற செய்திகளைப் பார்க்கிறேனே! சந்தேகப்பட்டவர் ஒருவராவது அத்திமூர்க் கூட்டத்தில் இருந்திருப்பார் என்பது என் எண்ணம். ஆனால் கூட்டத்தில் ஒவ்வொருவரும் மற்றவருக்கு விவரம் தெரிந்திருக்கும் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வது சமூக உளவியலில் பலமுறை ஆராய்ந்த விஷயம். "நீ பாத்தியா? யாரு பிள்ளையக் காணோம்?" என்று ஒருவர் உரக்கக் கேட்டால் மற்ற சந்தேகிகளுக்கும் வாய் திறக்கும்.

சரி, வெள்ளத்துக்கு வருகிறேன். 2024 டிசம்பர் 2 ஆம் தேதி, ஃபெஞ்சல் புயலை அடுத்து, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. பெண்ணையாறு கடலூர்ப் பக்கம் கரை மீறி ஊருக்குள் வந்தது. 1.68 லட்சம் கன அடி என்றால் பொறியாளருக்குப் புரியும். ஆற்றோரத்தில் இருக்கிற ஒரு ஆயாவுக்கு அது வீட்டு வாசப்படி வரைக்குமா, ஜன்னல் வரைக்குமா என்று எப்படித் தெரியும்? எண் உண்மை. இருந்தாலும் தெளிவு இல்லை. அந்த இடைவெளியில்தான் "அணையே உடைஞ்சிடுச்சாம்" மாதிரிப் பேச்சு நுழையும். 2015 சென்னை வெள்ளத்தில் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றுகூடக் கிளம்பியது. பண்ணைக்காரர்களே மறுக்க வேண்டியதாயிற்று.

மறுக்கும்போதும் ஒரு நுணுக்கம் உண்டு. பொய்யைத் தலைப்பாக வைத்து "இது பொய்" என்று கீழே எழுதினால், மனசில் தங்குவது தலைப்பு. உண்மையை முதலில் சொல்ல வேண்டும். சொல்பவர் தெரிந்த முகமாக இருக்க வேண்டும்: ரேஷன் கடைக்காரர், சத்துணவு அமைப்பாளர், மீனவ கிராமத்தில் நாட்டார், பள்ளிவாசலில், கோயிலில் மைக் வைத்திருப்பவர்.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். மாணவர்களும் நாட்டு நலப்பணித் திட்டத்தினரும் பெண்ணையாற்றங்கரை ஊர்களில் வீடு வீடாகக் கேட்டு, 2024 இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருமுனைச் சுவரில் பெயிண்டால் கோடு போடட்டும். பக்கத்தில் அன்றைய கன அடியையும் எழுதட்டும். அடுத்த தடவை வானொலியில் ஒரு எண் வரும்போது அந்த ஆயா சுவரைப் பார்த்துக்கொள்வார். பெயிண்டுச் செலவு முழுவதும் எங்கள் ஆண்டு மாணவர்களுடையது. ஏணி மட்டும் கல்லூரி கொடுக்க வேண்டும்.