பொம்மை ரயில்களைத் தேடும் பெரியவர்கள்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

சங்கத்தின் மேடையில் ஏறுவோர் சிலம்பைப் பற்றியோ குறளைப் பற்றியோ பேசுவதே வழக்கம். யாம் பொம்மை ரயிலைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னபோது செயலாளர் அவர்கள் சற்றே திகைத்தார்கள். பின்னர்ச் சிரித்துக்கொண்டே இசைந்தார்கள். அவர்களுக்கு எம் நன்றி. இந்தக் குடியிருப்பில் வாழும் நம்மில் ரயிலேறி வராதவர் யார்? நம் பெட்டியும் படுக்கையும் ஊறுகாய் ஜாடியும் வந்து சேர்ந்ததும் ரயிலில்தானே! ஆகவே இந்தப் பொருள் நமக்கு முற்றிலும் அயலானது அன்று.

இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும், நரைத்த தலையினர் பலர், கையடக்கமான ரயில்களைத் தேடித் தேடிச் சேர்க்கின்றனர். அது குழந்தைத்தனம் என்று நகைத்து ஒதுக்கிவிடலாம். ஆனால் அவர்கள் எதைச் சேர்க்கிறார்கள், எதை வேண்டாம் என்று விடுகிறார்கள் என்பதைக் கூர்ந்து நோக்கினால், அங்கே விளையாட்டைக் காட்டிலும் ஆழமான ஒன்று இருப்பது புலப்படும்.

இதன் தொடக்கத்தைச் சிறிது கூறுவோம். ஜெர்மனியில் கோப்பிங்கன் என்னும் ஊரில் 1859-ஆம் ஆண்டு மெர்க்லின் என்னும் தகர வேலைக்காரர் ஒரு தொழிலைத் தொடங்கினார். அவர் செய்தவை பொம்மைச் சமையலறைக்கு வேண்டிய சிறு பாத்திரங்கள். நம் பெண்குழந்தைகளின் சொப்புச் சாமான் போன்றவை. அந்த நிறுவனமே 1891-இல் லைப்சிக் நகரச் சந்தையில், சாவி கொடுத்தால் ஓடும் ரயிலைத் தண்டவாளத்தோடு காட்சிக்கு வைத்தது. அதற்கு முன்பும் பொம்மை ரயில்கள் உண்டு. புதுமை எதுவெனில், தண்டவாளத்தின் அகலத்தை வரையறுத்து, இன்று ஒரு வட்டம் வாங்கினால் அடுத்த ஆண்டு ஒரு கிளைப்பாதை, அதற்கடுத்த ஆண்டு ஒரு நிலையம் என்று மேன்மேலும் சேர்த்துக்கொண்டே போகும்படி செய்ததுதான். வணிகர் மூளைக்கு ஈடு ஏது! ஒரு முறை விற்றுத் தீரும் பொருளை அவர்கள் முடிவில்லாத பொருளாக்கிவிட்டார்கள். சேர்ப்பவனின் ஆசை அங்கேயே முளைவிட்டது.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் வேடிக்கை. நியூயார்க்கில் 1900-இல் லயனல் நிறுவனத்தைத் தொடங்கிய ஜோசுவா லயனல் கோவன், கடைகளின் கண்ணாடிச் சாளரத்தில் ஓடி வழிப்போக்கரை ஈர்ப்பதற்காகவே ஒரு மின்சாரச் சரக்குவண்டியைச் செய்தார். வந்தவர்களோ கடைச் சரக்கை விட்டுவிட்டு, அந்த வண்டியையே விலைக்குக் கேட்டார்கள். லிவர்பூல் நகரில் மெக்கானோவைக் கண்டுபிடித்த பிராங்க் ஹார்ன்பி 1920-இல் தம் பெயரால் ரயில்களை வெளியிட்டார். அவர் மறைந்த பின், 1938-இல், மேசைமேல் அடங்கும் சிறிய ‘டப்லோ’ ரயில்கள் அந்நிறுவனத்திலிருந்து வந்தன.

ரயில் சேர்ப்பவன் முதலில் தேர்வு செய்வது எஞ்சினை அன்று; அளவை. அதைத் தீர்மானிப்பது அவன் விருப்பம் என்பதைவிட அவன் வீடு என்பதே பொருந்தும். ‘ஓ’ கேஜ் எனப்படுவது 32 மில்லிமீட்டர் அகலம். அதனினும் சிறியது 16.5 மில்லிமீட்டர் அகலமுடைய ‘எச்.ஓ.’, அதில் எல்லாம் உண்மையின் 87-இல் ஒரு பங்கு. 9 மில்லிமீட்டர் அகலமுடைய ‘என்’ உண்டு. மெர்க்லின் 1972-இல் கொண்டுவந்த ‘இசட்’ அளவில் தண்டவாளத்தின் அகலம் 6.5 மில்லிமீட்டர்தான், எஞ்சினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்!

நம் கணக்கையே போட்டுப் பார்ப்போமே. பெரம்பூர்த் தொழிற்சாலையில் உருவான நீண்டதூரப் பெட்டி ஒன்றின் நீளம் 21 மீட்டருக்குச் சற்று அதிகம். அதை 87-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் வரும். 18 பெட்டிகளைக் கோத்தால் ஏறக்குறைய நான்கரை மீட்டர் வரும், எஞ்சின் தனி. நம் குவார்ட்டர்ஸ் கூடத்தில் அந்த வண்டி முன்வாசலில் நின்றால், கார்டு சமையற்கட்டில் பச்சைக்கொடி காட்ட வேண்டியிருக்கும். வீட்டம்மாவின் அனுமதி கிடைப்பது அரிது.

இதனாலேயே இங்கிலாந்தில் எண்ணற்ற ஆர்வலர்கள் பேரெழில் விரைவு வண்டிகளை விட்டுவிட்டு, ஒரு சிற்றூரின் கிளைப்பாதை முனையத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு சிறிய எஞ்சின், இரண்டு பெட்டிகள், பால் குடங்கள் அடுக்கிய நடைமேடை, ஒரு கொட்டகை. இவை ஒரு பலகையின்மேல் அடங்கிவிடும். அவற்றிலும் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பச்சை எஞ்சின் நிற்கும் கிளைப்பாதைகளுக்கு உள்ள செல்வாக்கைச் சொல்லி முடியாது. இடமின்மை மட்டுமே காரணம் என்று யாம் கருதவில்லை. 1963-இல் டாக்டர் பீச்சிங் என்பாரின் அறிக்கை வந்தது. அதைத் தொடர்ந்து அத்தகைய கிளைப்பாதைகள் வரிசையாக மூடப்பட்டன, தண்டவாளம் பெயர்க்கப்பட்டது, நிலையங்கள் பாழாயின. 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் முதன்மைப் பாதைகளில் நீராவி எஞ்சினும் ஓய்ந்தது. ஊரில் இல்லாமற்போன பாதையை மக்கள் தங்கள் மாடியறையில் மீண்டும் போட்டுக்கொண்டார்கள்.

காலத்தைத் தேர்வதும் இப்படியே. அந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்டிருந்த ரயில் கம்பெனிகள் 1923-இல் நான்கு பெருங்கம்பெனிகளாக இணைக்கப்பட்டன. அந்நான்கும் 1948-இல் அரசுடைமையாயின. ஒவ்வொன்றுக்கும் தனி நிறம். ‘என் எஞ்சின் கருஞ்சிவப்பு’ என்பானும் ‘என் எஞ்சின் பச்சை’ என்பானும் இன்றும் சைவ வைணவச் சண்டையிடுவதுண்டு. 1938-இல் மணிக்கு 126 மைல் வேகத்தில் ஓடிச் சாதனை படைத்த மல்லார்டு என்னும் நீல எஞ்சினைப் போன்ற பெயர்பெற்றவற்றை நாடுவோர் ஒருபுறம். தாம் பத்து வயதில் வேலியோரம் நின்று பார்த்த, பெயரற்ற, அழுக்கேறிய சரக்கு எஞ்சினையே தேடி அலைவோர் மற்றொருபுறம். இரண்டாமவரே மிகுதி. புத்தம்புதிதாக வாங்கிய மாதிரியின்மேல் மெல்லிய தூரிகையால் கரியும் துருவும் பூசி அழுக்காக்குவது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. பளபளக்கும் பொருளைக் காசு கொடுத்து வாங்கி அழுக்குப் பூசுவானேன் என்று கேட்காதீர்கள். அவர்கள் கண்ட எஞ்சின் அழுக்காகத்தானே இருந்தது!

அளவில் இம்மியும் பிசகக் கூடாது என்னும் கூட்டம் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் ரயில்கள் ஐரோப்பிய ரயில்களைவிட உருவில் சிறியவை. அக்காலத்து மோட்டார்கள் 87-இல் ஒரு பங்கான பிரிட்டிஷ் எஞ்சினுக்குள் எளிதில் அடங்கவில்லை. ஆகவே உடலை 76-இல் ஒரு பங்காகப் பெருக்கி, அதே 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தின்மேல் ஏற்றிவிட்டார்கள். கணக்குப்படி 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய பாதை அது. எஞ்சின் ஒடுங்கிய காலில் நிற்பது போலத் தோன்றும். பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்துவதில்லை. சிலரோ அந்த இரண்டு மில்லிமீட்டர் சொச்சத்துக்காகச் சக்கரங்களை மாற்றி, தண்டவாளத்தைக் கையால் தாமே இட்டு, ஆண்டுக்கணக்கில் பாடுபடுகிறார்கள். அவர்களிடம் எமக்கு வியப்பும் உண்டு. அவர்கள் வீட்டாரிடம் இரக்கமும் உண்டு.

இனி, ஓட்டுவதற்காக அன்றி வைத்துப் பார்ப்பதற்காகவே சேர்ப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய தகர ரயில்களை நாடும் இவர்களுக்கு எஞ்சினைவிட அது வந்த அட்டைப்பெட்டி முக்கியம். ஒருநாளும் ஓடாத எஞ்சின், கிழியாத பெட்டி, உள்ளே வைத்த குறிப்புத்தாள் ஆகிய மூன்றும் கூடிவிட்டால் விலை விண்ணைத் தொடும். அரிய பொருளே அவர்களுக்கு வேண்டும். அரியதோ பெரும்பாலும் அக்காலத்தில் எவரும் விரும்பாதது. லயனல் நிறுவனம் 1957-இல் பெண்குழந்தைகளுக்கென்று ஒரு ரயில் வெளியிட்டது. எஞ்சின் இளஞ்சிவப்பு, பெட்டிகள் வெளிர்நீலமும் மஞ்சளும் ஊதாவும். அது விலைபோகவில்லை. ரயிலை விரும்பிய சிறுமியர் தம் அண்ணன்மாரிடம் இருந்ததைப் போன்ற கறுப்பு எஞ்சினையே விரும்பினார்கள் என்பர். யாரும் வாங்காததால் அது அருகிற்று. அருகியதால் இன்று அதைத் தேடி அலைகிறார்கள். அந்தச் சிறுமியரை முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்!

பெட்டியில் பூட்டி வைத்தால் பொருள் நிலைக்கும் என்பதும் முழு உண்மை அன்று. இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட வார்ப்பு ரயில்கள் பல துத்தநாகக் கலவையால் ஆனவை. அக்கலவையில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டால், பல ஆண்டுகள் கழித்து அது உள்ளூர வீங்கி, வெடித்து, விரலால் தொட்ட மாத்திரத்தில் பொடியாகும். அதற்கு மருந்து இல்லை. ஓட்டினாலும் பொடியாகும், ஓட்டாமல் பட்டுத்துணியில் பொதிந்து வைத்தாலும் பொடியாகும். எம்மைக் கேட்டால், ஓட்டிவிடுவதே நன்று என்போம். தண்டவாளத்தைக் காணாத ரயில் ஏட்டுச் சுரைக்காய்தானே!

யாம் படித்தறிந்தவற்றுள் எம் நெஞ்சைத் தொட்டது ராய் இங்கிலாந்து என்பாரின் வரலாறு. பெயரில் இங்கிலாந்து இருப்பினும் அவர் ஆஸ்திரேலியர். 1925-இல் இங்கிலாந்துக்கு வந்தார். ரயில்மீது கொண்ட காதலோடு ‘வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு’ என்னும் நாட்டுப்புறத்தைச் சுற்றியவர், அங்கிருந்த கூரை வேய்ந்த பழைய குடிசைகள் ஒவ்வொன்றாக மாறுவதையும் மறைவதையும் கண்டார். அவற்றை அளந்து, ஒவ்வொரு கல்லையும் சாளரத்தையும் உள்ளவாறே சிறிய உருவில் செய்யத் தொடங்கினார். ஆக்ஸ்போர்டுக்கு அருகில் லாங் விட்டனம் என்னும் சிற்றூரில் 1954-இல் அவர் நிறுவிய பெண்டன் காட்சிசாலை இன்றும் அந்தப் பணியைத் தொடர்கிறது. அந்த ஊரில் பிறந்தவர் எவருக்கும் அழியப்போவது கண்ணிற்படவில்லை என்று யாம் சொல்லவில்லை. ஆயினும் பல்லாயிரம் மைல் கடந்து வந்த ஒருவர்தாம் உட்கார்ந்து அதை அளந்தார். வெளியூரிலிருந்து வந்து வாழும் நமக்கு இது விளங்கும்.

பாடகர் ராட் ஸ்டூவர்ட் 23 ஆண்டுகள் உழைத்து அமைத்த அமெரிக்க நகரத்தையும் ரயிலையும் 2019-இல் உலகுக்குக் காட்டினார். கச்சேரிக்குச் சென்ற ஊர்களில் விடுதி அறையிலேயே உட்கார்ந்து கட்டடங்களைச் செய்வாராம். பொழுது இல்லை என்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

நம் நாட்டுக்கு வருவோம். புனேயில் 1998-இல் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுரு ரயில் காட்சிசாலை போன்ற சில முயற்சிகள் உண்டு. ஆனால் நம் ரயில்களின் மாதிரிகள் கடையில் கிடைப்பது அரிது. ஒரு தடையும் இருக்கிறது. நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சிறிது மேல். அயல்நாட்டுத் தண்டவாளமோ 16.5. ஆகவே நம் எஞ்சினும் ஒடுங்கிய காலில்தான் நிற்க வேண்டும். அன்றேல் தண்டவாளத்தை நாமே இட வேண்டும். மீட்டர் பாதைக்கு அந்தத் துன்பம் இல்லை. சுவிட்சர்லாந்தின் மலை ரயில்கள் பல மீட்டர் அகலம். அவற்றுக்கான 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஐரோப்பாவில் கிடைக்கிறது. நம் நீலகிரி ரயிலும் மீட்டர் பாதை. 1914 முதல் அதற்கு வந்த பல்சக்கர எஞ்சின்கள் பிறந்ததும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில். பிறந்தகத்துத் தண்டவாளத்தில் அவை ஏறக்குறையச் சரியான அளவில் ஓடும்!

மேட்டுப்பாளையத்து மலைப்பாதை இன்னும் ஓடுகிறது. 1929-இல் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. ஆனால் அதை நம் பெரியவர்கள் பலர் கண்டபோது முன்னால் நின்ற, குண்டு போன்ற மூக்குடைய டபிள்யூ.பி. எஞ்சின் இல்லை. கருஞ்சிவப்புப் பெட்டிகளும் இல்லை. தென்னகத்தின் மீட்டர் பாதைகள் 1992-க்குப் பின் ஒவ்வொன்றாக அகலமாயின. பழைய நிலையங்கள் பல இடிக்கப்பட்டன. நம் ஊருக்குப் போகும் கடைசிக் கிளைப்பாதையில் எத்தனை பெட்டிகள், எந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி, எந்த மரத்தடியில் முறுக்கு விற்றார்கள் என்பதை எந்தக் கம்பெனியும் அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கப் போவதில்லை.

இந்தக் குடியிருப்பில் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். நால்வர் இதோ இரண்டாம் வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். யாம் பெயர் சொல்லிச் சங்கடப்படுத்தவில்லை. அடுத்த ஆண்டு விழாவிற்குள், நம் சிறுவர் சிறுமியர் சேர்ந்து, ஒரு மீட்டர் நீளமுள்ள பலகையில், அட்டையாலும் தீக்குச்சியாலும் ஒரு மீட்டர் பாதை நிலையத்தை அமைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். எந்த ஊர் நிலையம் என்பதில் தஞ்சாவூர்க்காரருக்கும் திருநெல்வேலிக்காரருக்கும் சண்டை வரும். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். பலகைக்கும் அட்டைக்கும் ஆகும் செலவை யாம் ஏற்கிறோம். கைகாட்டி மரத்தின் கை எப்படிச் சாயும், மணியை எத்தனை முறை அடிப்பார்கள் என்பதையெல்லாம் அந்த நால்வரிடம் கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நாடகத்திற்கு நேரமாகிவிட்டதென்று செயலாளர் அவர்கள் சைகை காட்டுகிறார்கள்.